ஜீஜாஜி ஃபைல்

கூலர் காற்றை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்று ஒரு மனிதர் மூன்று நாள் யோசித்தார் என்றால் யார் நம்புவார்கள்? நான் கண்ணால் பார்த்தவள். டெல்லியின் மே மாதம். எங்கள் செக்ஷனில் இருந்தது ஒரே ஒரு கூலர். ஜன்னலோரம் உட்காரும் சோப்ரா தன் பக்கம் வேண்டும் என்றார். கதவோரம் டைப்ரைட்டரோடு வெந்துகொண்டிருந்த நான் என் பக்கம் வேண்டும் என்றேன். அந்த மனிதர்தான் எங்கள் செக்ஷன் ஆபீசர், தீர்ப்பு அவர் கையில். இருவர் பேச்சையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கூலரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். அங்கே ஜன்னல் கம்பிக்கும் கூலருக்கும் நடுவே ஒரு புறா முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது.

"அதுக்கும் ஒரு பக்கம் இருக்குல்லா," என்றார்.

மூன்று நாள் யோசனைக்குப் பிறகு கூலர் நிறுத்தப்பட்டது. குஞ்சு பொரித்துப் பறந்துபோகும்வரை சோப்ராவும் நானும் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். அவரும்தான். நியாயம் பார்க்கிறவருக்குக் கீழே வேலை செய்வது எவ்வளவு புழுக்கமான காரியம் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைப் பற்றி மட்டும் எழுதினால், "மத்தவங்க தரப்பையும் கேட்டியளா?" என்று எங்கிருந்தாலும் கேட்பார்.

எழுபதுகளின் கடைசி. மத்திய அரசில் கடல்மீன் சம்பந்தப்பட்ட விஷயங்களைப் பார்க்கும் ஒரு சின்னப் பிரிவு எங்களுடையது. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு ராத்திரி ரயிலில் போக வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலில் யார் எங்கே வலை போடலாம் என்று பச்சைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தோம். செக்ஷனில் கடலை உண்மையாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அப்பா கட்டுமரத்தில் போனவர். இவர் பரீட்சை எழுதி டெல்லிக்கு வந்துவிட்டார். நான் திருச்சி ரயில்வே குடும்பம், கரோல் பாகில் ஒன்றரை அறை வாடகை வீடு, முப்பத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். ஸ்டெனோ என்று பெயரே தவிர, எல்லோரையும் கிண்டல் செய்வதுதான் என் முழுநேர வேலை என்று சோப்ரா சொல்வார்.

ஃபைலில் அவர் எழுதும் குறிப்பை, ஆபீஸ் பாஷையில் நோட்டை, டைப் அடிப்பது ஒரு தண்டனை. இறாலை வெளிநாட்டுக்கு அனுப்பினால் நாட்டுக்கு டாலர் வரும் என்று ஒரு பாரா. விசைப்படகுகள் கரையோரம் இழுவலை போட்டால் கட்டுமரக்காரர் வீட்டில் உலை கொதிக்காது என்று அடுத்த பாரா. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் நாளைக்குக் கடலில் மீன் இருக்காது என்று மூன்றாவது பாரா. அதோடு விடுவாரா? விசைப்படகில் கூலிக்குப் போகிறவனும் ஏழைதான் என்று நாலாவது பாரா வரும். நான் தாளை உருவிக் காட்டி, "சார், நீங்க யார் பக்கம்தான் பேசறீங்க?" என்பேன்.

"டாலர்காரங்களுக்குப் பேச அசோசியேஷன் இருக்கு. கட்டுமரக்காரனுக்கு எம்.பி. இருக்காரு. மீனுக்கு டெல்லியில வக்காலத்து வாங்க ஆள் கிடையாது பாத்தியளா. அதான் எல்லாத்தையும் எழுத வேண்டியிருக்கு," என்பார்.

வேடிக்கைக்குச் சொன்னதல்ல. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க அவரும் அவர் மனைவியும் வருவார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருமுறை என்னையும் என் கணவரையும் கூட அழைத்துப் போனார்கள். மீன்காரர் வயிறு உப்பிய மீன் ஒன்றைத் தூக்கிக் காட்டி, முட்டை மீன், ருசியாக இருக்கும் என்று இந்தியில் ஆசை காட்டினார். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அடுத்த கடையில் விரல் நீளத்துக்குப் பொடிக்குஞ்சாகக் குவித்திருந்தார்கள். அதுவும் வேண்டாம். அதற்கடுத்த கடையில் நல்ல மீன், ஆனால் விலை படியவில்லை. பேரம் பேசினால் கடைக்காரருக்கு நஷ்டமாம்.

"இந்த மனுசன்கூட மார்க்கெட்டுக்கு வந்தா கருவேப்பிலை மட்டும்தான் வாங்கிட்டுப் போவலாம்," என்றார் அக்கா. அன்றைக்கு அவர்கள் வீட்டில் சாப்பாடு முட்டைக்குழம்பு. அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். இவ்வளவு நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துவது சிரமம் என்று வீட்டுக்கு வரும்போது என் கணவரிடம் சொன்னேன். எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்தவர்களைத்தான் நான் அதிகம் கிண்டல் செய்வேன். அது என் புத்தி.

அந்த வருஷம் டிசம்பரில் அவருடைய அக்காள் கணவர் சூசை டெல்லிக்கு வந்தார். சொந்தம் பார்க்க வரவில்லை. தெற்குக் கடற்கரைக் கட்டுமரக்காரர்கள் சார்பில் மனு கொடுக்க வந்த மூன்று பேரில் அவர் ஒருவர். அதே வாரம் விசைப்படகு முதலாளிகள் சங்கத்திலிருந்தும் மூன்று பேர் வந்திருந்தார்கள். இரண்டு கோஷ்டிக்கும் சாணக்யபுரியில் எங்கள் மாநிலத்து விருந்தினர் விடுதியில்தான் இடம். அவருடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ் அங்கிருந்து பஸ்ஸில் கால்மணி நேரம். அக்கா கறியெல்லாம் வாங்கிச் சமைத்துவிட்டு, "அண்ணனைக் கூட்டிட்டு வாங்க, இங்கனயே தங்கட்டும்," என்று சொல்லி அனுப்பினாராம். இவர் அழைத்துவரவில்லை.

"ஃபைல் என் மேஜைல இருக்கு. ஒரு தரப்ப மட்டும் வீட்டுல வச்சி சோறு போட்டா நல்லாவா இருக்கும்?" என்று என்னிடமே கேட்டார்.

"அப்ப ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் போடுங்க சார்," என்றேன். அதையும் ஒரு நிமிஷம் யோசித்தார்.

டிசம்பர் குளிர் டெல்லிக்காரர்களையே வாட்டும். வேட்டியும் தலையில் துண்டுமாக வந்தவர்கள் என்ன ஆவார்கள்? கல்யாணச் சாமான் வாடகைக்கு விடும் டென்ட் ஹவுசில் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை எடுத்தார். ஆறு ரஜாய். கோட்டும் கம்பளிச் சட்டையுமாக வந்திருந்த முதலாளிகளுக்கும் மூன்று. என் கணவர்தான் ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினார். முதலாளிகள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். இந்தக் கதையைச் செக்ஷனில் நான் நடித்துக் காட்டியபோது சோப்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் கட்டுமரக்காரர் மூன்று பேரும் மனுவோடு செக்ஷனுக்கு வந்தார்கள். சூசைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து இறுகிய உடம்பு. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இவரைவிட அவருக்குத்தான் கூச்சம் அதிகமாக இருந்தது. சொந்தத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. முதலில் 'சார்' என்று ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்திலேயே மறந்துபோனார்.

"மாப்ள, நாங்க ஒண்ணும் அவனுவளக் கடலுக்கே வரக் கூடாதுன்னு சொல்லல. கொஞ்சம் தள்ளிப் போய் இழுக்கட்டும். கரைல வந்து இழுத்தா எங்க வலைய அறுத்துட்டுப் போயிருதானுவ. இருட்டுல எங்க மரம் கிடக்கது அவனுவளுக்குத் தெரியாது. மேல ஏத்திருவானுவளோன்னு பயந்துகிட்டே கிடக்க வேண்டியிருக்கு."

"பாக்கேன் அத்தான்," என்றார் இவர்.

"இறால் முட்டையிடுத ரெண்டு மாசம் அவனுவளும் போவாண்டாம், நாங்களும் போவாண்டாம். பட்டினி கிடக்கோம். அதுக்கும் சம்மதம். எழுதிக்கிடுங்க."

அவர் எழுதிக்கொண்டார். டீ வந்தது. குடித்து முடித்ததும் மூவரும் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வாசல்வரை கூடப் போனவர், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அதுதான் கடைசியாக அவர் அத்தானைப் பார்த்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து நோட் எழுதினார். அப்படி ஒரு நோட்டை அவர் அதற்கு முன் எழுதியதே இல்லை. டாலர், கட்டுமரம், கடல் எல்லாம் இருந்தன. ஆனால் கடைசிப் பாராவில் வழக்கமான இழுவை இல்லை. மூன்றையும் எடை போட்டுப் பார்த்தால் ஒரே வழிதான் இருக்கிறது. விசைப்படகுகள் கரையை விட்டு இவ்வளவு தூரம் தள்ளியே இழுக்க வேண்டும், முட்டையிடும் மாதங்களில் கடலுக்குப் போகவே கூடாது, இந்தப் பருவம் தொடங்கும் முன்பே மாநிலங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று நறுக்கென்று முடித்திருந்தார்.

டைப் அடித்து முடித்துத் தாளை உருவும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சார், இது மந்திரிக்கு எழுதின நோட்டா, அத்தானுக்கு எழுதிக் கொடுத்த மனுவா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன என்று சோப்ரா கேட்க, நான் இந்தியிலும் சொல்லித் தொலைத்தேன். "அச்சா, தோ யே ஜீஜாஜி கீ ஃபைல் ஹை," என்றார் சோப்ரா. ஓ, இது அக்காள் கணவர் ஃபைலா! செக்ஷனே சிரித்தது. பியூன்கூடச் சிரித்தான். அவரும் லேசாகச் சிரித்தார் என்றுதான் எனக்கு ஞாபகம்.

மறுநாள் காலை அந்த நோட் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. கடைசிப் பாரா கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் அவருடைய குண்டுக் கையெழுத்தில் வேறு ஒரு பாரா. மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றிலும் சாதகம் உண்டு, பாதகமும் உண்டு. முடிவெடுப்பதற்கு முன் ஏற்றுமதியைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கருத்தையும் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் ஆபீஸ் பாஷையில் 'கருத்துக் கேட்பது' என்றால் என்ன என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபைல் ஒரு கட்டிடத்தை விட்டு இன்னொரு கட்டிடத்துக்குப் போய் அங்கே தூங்கும். நான் ஒன்றும் கேட்காமல் டைப் அடித்துக் கொடுத்தேன்.

அவசர ஃபைல் என்றால் யாராவது கையில் எடுத்துக்கொண்டு போய், எதிரே உட்கார்ந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கம். எல்லா செக்ஷனிலும் உண்டு. அந்த அமைச்சகத்தில் என்னோடு பரீட்சை எழுதிய சிநேகிதி ஒருத்தி இருந்தாள்.

"லஞ்ச் டயத்துல ஒரு நடை போய்ட்டு வரட்டுமா சார்? அரைமணி நேர வேலை," என்று ஜனவரியில் கேட்டேன்.

"வேண்டாம்மா. சொந்தக்காரன் விஷயம்னு கையில தூக்கிட்டு ஓடுதாங்கன்னு ஆவும். அது அது வழியில வரட்டும்."

ஜனவரி போயிற்று. பிப்ரவரியில் ஒரு நினைவூட்டல் அனுப்பினார். மார்ச்சில் இன்னொன்று. போன் செய்யவில்லை. மேஜையில் போன் இருந்தது, கை நீட்டினால் எட்டும். "ஜீஜாஜி வாலீ ஃபைல் ஆயி?" ஜீஜாஜி ஃபைல் வந்ததா என்று சோப்ரா வாரத்துக்கு ஒருமுறை பியூனிடம் கேட்பார். அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நானும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அந்த ஃபைலைத் தேடினேன்.

தந்தி வந்தது ஒரு சாயங்காலம், ஆபீஸ் முடிய ஒருமணி நேரம் இருக்கும்போது. வாசித்துவிட்டு மடித்துப் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் வைத்தார். பாதியில் நின்ற கடிதத்தைச் சொல்லி முடித்தார். நான் சுருக்கெழுத்தில் எடுத்து முடித்தேன். பிறகு, "எனக்கு ஒரு லீவ் லெட்டர் அடிச்சிக் கொடுங்கம்மா. அத்தான் இறந்துட்டாவ," என்றார்.

விடிவதற்கு முன் கரையோரம் இழுத்துக்கொண்டு வந்த விசைப்படகு, சூசையின் கட்டுமரத்தின் மேல் ஏறிவிட்டது. கூட இருந்த ஒருவர் நீந்திப் பிழைத்தார். சூசைக்குத் தலையில் அடி.

கடற்கரையில் பிணத்தை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அவர் ரயிலை விட்டு இறங்குவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கோபத்தில் ஊர்க்காரர்கள் அந்தப் படகைக் கொளுத்தியிருந்தார்கள். படகு ஓட்டியவனையும் அடித்துப் போட்டிருந்தார்கள். அவன் அடுத்த ஊர்ப் பையன், கூலிக்கு ஓட்டியவன். இவர் கல்லறைக்குப் போய்விட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அவனையும் பார்த்திருக்கிறார். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனாராம். செத்தது யார் என்று தெரியாதா இவனுக்கு என்று சொந்தக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதைக் கேட்டபோது எனக்கும் கோபம்தான் வந்தது. நியாயத்துக்கும் ஒரு நேரம் காலம் வேண்டாமா?

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவர் மனைவி. அவர்கள் திரும்பி வந்த பிறகு, துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவர் வீட்டில் இல்லை. அக்கா காபி போட்டுக்கொண்டே சூசையின் மனைவியைப் பற்றிப் பேசினார்.

"மதினி ஃபைலப் பத்தி ஒரு வார்த்த கேக்கல பாத்துக்கிடுங்க. அவுகளுக்கு என்ன தெரியும்? ஒண்ணே ஒண்ணு கேட்டாவ. 'டெல்லி வரைக்கும் ஒன்ன நம்பி வந்த மனுசன ஒரு ராத்திரி ஒன் வீட்டுல படுக்க வச்சிருக்கக் கூடாதாடா?'ன்னு. இவுக அப்படியே தரைல உக்காந்துட்டாவ."

காபித் தம்ளர் என் கைக்கு வந்தது. அக்கா இன்னொன்றும் சொன்னார். அந்தக் கிண்டலைத் தொடங்கியது நான்தான் என்று தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"மொதல்ல சரியாத்தான் எழுதியிருந்தாவளாம். அன்னிக்கி ராத்திரி சாப்பாடு எறங்கல. 'செக்ஷன்ல சிரிக்காவ, ஜீஜாஜி ஃபைல்னு பேரு வச்சிட்டாவ, நான் நெசமாவே அத்தானுக்காகத்தான் எழுதிட்டனோ'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாவ. நான் என்னத்தச் சொல்ல? காலைல எந்திச்சி மாத்திட்டுப் போனாவ."

காபி அப்படியே ஆறிப்போயிற்று.

ஃபைல் அடுத்த வாரம் திரும்பி வந்தது. நாலு மாதம் அங்கே கிடந்த ஃபைலில் அவர்கள் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி. 'இந்த அமைச்சகத்துக்குச் சொல்வதற்குக் கருத்து எதுவும் இல்லை.' கீழே ஒரு சின்னக் கையெழுத்து, தேதி. அதை அவர் மேஜையில் வைத்துவிட்டு நான் நகரவில்லை. அவர் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் வாசித்தார். அந்த ஒற்றை வரிக்குள்ளும் ஒரு பக்கத்து நியாயம் இருக்கிறதா என்று தேடுகிறாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

பிறகு புதிதாக ஒரு நோட் சொன்னார். நான் எடுத்துக்கொண்டேன். விசைப்படகுகளின் தூரம், கடலுக்குப் போகக் கூடாத மாதங்கள், டாலர், கட்டுமரம். கட்டுமரக்காரர் ஒருவர் இறந்தது ஒரு வாக்கியம். படகு எரிந்து, ஓட்டியவன் ஆஸ்பத்திரியில் கிடப்பது அடுத்த வாக்கியம். இரண்டுக்கும் ஒரே நீளம். கடைசிப் பாரா மட்டும் முதலில் எழுதியதைப் போலவே நறுக்கென்று இருந்தது. அந்த நோட் மேலே போயிற்று. பல மேஜைகள் தாண்டி, அவர் ரிட்டையரான பிறகு, சட்டமாகவும் வந்தது. அதில் தூரம் இருந்தது. அந்த மாதங்களுக்கான தடை வர இன்னும் பல வருஷம் ஆயிற்று.

ஆனால் அன்றைக்கு அந்த நோட்டை டைப் அடித்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது, செக்ஷனில் நாங்கள் இருவர்தான் இருந்தோம். சோப்ரா லஞ்சுக்குப் போயிருந்தார்.

"சார், அன்னிக்கி நான் கிண்டல் பண்ணாம இருந்திருந்தா…"

முடிக்க முடியவில்லை.

அவர் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டே பேசினார். "எந்தக் கிண்டல்?"

"அத்தானுக்கு எழுதின மனுவான்னு கேட்டேனே. ஜீஜாஜி ஃபைல்னு எல்லாரும் சிரிச்சாங்களே. அதனாலதான நீங்க…"

"அப்படி ஏதும் சொன்னியளா? எனக்கு ஞாபகமே இல்லையம்மா." கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நான் எப்பவும் எழுதுதது அப்படித்தான. நீங்க சொல்லலேன்னாலும் மாத்தித்தான் எழுதியிருப்பேன். ஒங்களுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. போய்ச் சாப்பிடுங்க."

பொய். அவர் மனைவி சொன்னதை நான் காதால் கேட்டிருந்தேன். புறாவுக்கும் மீனுக்கும் படகு முதலாளிக்கும்கூடத் தராசைச் சாயவிடாத மனிதர், என் முகத்தைப் பார்த்து, கூசாமல், முழுப் பொய் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். டப்பாவைத் திறந்து சாப்பிடவும் செய்தேன்.

எனக்குத் தெரிந்து அவர் ஒரே ஒரு முறைதான் ஒருவர் பக்கமாகப் பேசினார். அது என் பக்கமாகப் போயிற்று. சூசைக்குச் சேர வேண்டியது அது.